மேசை எலக்ட்ரோஸ்பின்னிங் எந்திரம்: திசு வளர்க்கும் இழை விரிப்புக்குப் போதுமா?

உயர் மின்னழுத்தத்தால் பாலிமர் கரைசலை ஊசி முனையிலிருந்து மெல்லிய இழையாக இழுப்பதுதான் எலக்ட்ரோஸ்பின்னிங். 30 கிலோவோல்ட் மின்வழங்கி, இரண்டு சிரிஞ்ச் பம்ப், இழை வந்து படியும் 10 செ.மீ. விட்டமுள்ள சுழல் ட்ரம், சுற்றிலும் அக்ரிலிக் பெட்டி. இந்த அமைப்பில் வரும் மேசை எந்திரங்கள் நானோ இழை எடுக்கத் தாராளம். ஸ்கஃபோல்டு, அதாவது செல்கள் பற்றி வளரும் தாங்கு விரிப்பு, செய்வதென்றால் ட்ரம்மையும் பெட்டியையும் சோதிக்காமல் பணம் கட்ட வேண்டாம்.

சோதனைக்குத் தோதான பாலிமர் பிசிஎல் (பாலிகேப்ரோலாக்டோன்). மூலக்கூறு எடை 80,000 உள்ளதில் 1.2 கிராமை 7.5 மி.லி. குளோரோஃபார்மில் கரைத்து, தெளிந்தபின் 2.5 மி.லி. மெத்தனால் சேருங்கள். கண்ணாடி சிரிஞ்ச், 21 கேஜ் மழுங்கல் ஊசி, மணிக்கு 1 மி.லி., 15 செ.மீ. தூரம், 15 கிலோவோல்ட். பம்ப் நல்லதென்றால் ஊசி முனையில் கரைசல் கூம்பாக அசையாமல் நிற்கும். கரைசல் நீர்த்திருந்தால் இழை நெடுக மணி மணியாக முடிச்சு விழும். அதற்கு எந்திரத்தைக் குறை சொல்லக் கூடாது. முனை காய்ந்து அடைத்தால் மின்சாரத்தை நிறுத்தி, எர்த் கம்பியால் ஊசியைத் தொட்ட பிறகே துடைக்க வேண்டும். கதவைத் திறந்ததும் மின்னழுத்தம் தானாக அறுபடாத மாடலை வாங்கவே வாங்காதீர்கள்.

ட்ரம்தான் பலவீனமான இடம். தசைநாணுக்கான விரிப்பில் இழைகள் ஒரே திசையில் படிய, ட்ரம்மின் மேற்பரப்பு விநாடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். இந்த விட்டத்துக்கு அது நிமிடத்துக்கு 2,000 சுற்று. மலிவான அச்சு அந்த வேகத்தில் ஆடும், தூரம் மாறும், இழை கலையும். டயல் கேஜ் முள்ளை ட்ரம்மில் தொடவைத்துக் கையால் ஒரு சுற்று சுற்றினாலே ஆட்டம் தெரிந்துவிடும். ஊசி பக்கவாட்டில் நகரும் வசதியும் வேண்டும். இல்லாவிட்டால் விரிப்பு நடுவில் தடித்து ஓரத்தில் மெலியும்.

அக்ரிலிக் பெட்டி நீடிக்காது. குளோரோஃபார்ம் ஆவி பட்டுப்பட்டு வெளுத்து மயிரிழை விரிசல் விடும். கண்ணாடிக் கதவு கேளுங்கள். ஆவியை வெளியேற்றும் குழாய் கட்டாயம். சென்னை போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் ஈரப்பதக் கட்டுப்பாடு இல்லாமல் ஓட்டினால் இழை மேல் குழி குழியாக விழும், ஒரு நாள் விரிப்பு போல மறுநாள் விரிப்பு இருக்காது. 40 முதல் 50 சதவீதத்தில் நிறுத்துவது நல்லது.

இரண்டாவது பம்ப் வெறும் அலங்காரமல்ல. அரை மைக்ரான் இழைகள் நெருங்கிப் படிந்தால் துளைகள் சில மைக்ரான்தான் இருக்கும். செல்கள் மேலேயே பரவிவிடும், உள்ளே இறங்காது. எதிர்ப்பக்கத்திலிருந்து, தண்ணீரில் கரையும் பாலிமரான பிஇஓ (பாலிஎத்திலீன் ஆக்சைடு) இழையைச் சேர்த்துப் படியவைத்து, பிறகு தண்ணீரில் கரைத்து எடுத்தால் வழி திறக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே இரட்டை பம்ப் மாடலுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

எடுத்த விரிப்பை வெற்றிட அடுப்பில் சூடேற்றாமல் இரவு முழுக்க வைத்துக் கரைப்பானை நீக்குங்கள். கிருமி நீக்க ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலத்தில்) வைத்துவிடாதீர்கள்: பிசிஎல் 60 டிகிரியில் உருகிவிடும். செல் வளர்ப்புச் சோதனைக்குக் கிருமி நீக்க 70 சதவீத எத்தனாலும் புற ஊதா ஒளியும் போதும்.