180 வேளையா, 12 வேளையா?

நெல்லிக்குப்பத்தில் என்னோடு பட்டாளத்தில் இருந்த நண்பர் ஒருவர், ஹவில்தாராக ஓய்வு பெற்றவர், போன மாதம் வீட்டுக்கு வந்து சட்டைக் கையை மடித்துக் காட்டினார். முன்கையில் பேனாவால் போட்ட வட்டம், நடுவில் தடிப்பு. அவர் மனைவிக்கு நுரையீரல் காசநோய். அதனால் இவருக்கும் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று தோலில் மாண்டூ ஊசி போட்டுப் பார்த்ததில் தடிப்பு 14 மில்லிமீட்டர். நோய் வராமல் தடுக்க மாத்திரை சாப்பிடச் சொன்னார்களாம். "இருமல்கூட இல்லையேப்பா, எனக்கு எதுக்கு மாத்திரை?" என்றார்.

நான் ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்தவன். மருத்துவர் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியை அவரோடு உட்கார்ந்து அலசினேன்.

முதல் வழி, சும்மா இருப்பது. இதைத் தப்பென்று உடனே ஒதுக்க முடியாது. 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடித்தால் கிருமி உடம்புக்குள் போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நம் நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்கு இந்தத் தொற்று இருப்பதாக 2019-21 தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. அவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக மாறும். ஆனால் அந்த ஆபத்து முதல் இரண்டு வருடத்தில்தான் அதிகம். வீட்டிலேயே நோயாளி, போதாததற்கு இவருக்குச் சர்க்கரை. டயாலிசிஸ், ஸ்டீராய்டு, எச்ஐவி என்று எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கும் இதே கதைதான். இவர் சும்மா இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாத்திரை என்று முடிவானாலும் எக்ஸ்ரே எடுத்து, இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, இரவு வியர்வை இருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும். நோயே இருக்கும்போது தடுப்பு மாத்திரை மட்டும் கொடுத்தால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும்.

அடுத்தது பழைய முறை. ஐசோனியசிட், தினம் ஒன்று, ஆறு மாதம், 180 வேளை. ரத்தக்கொதிப்பு, இதய மாத்திரைகளோடு பெரிதாக மோதாது என்பது இதன் பெரிய பலம். கை கால் மரத்துப் போகாமலிருக்க வைட்டமின் பி6 சேர்த்துத் தருவார்கள். கஷ்டம் கல்லீரலில். வயது 50 தாண்டியவர்களுக்கும் குடிப்பவர்களுக்கும் அது பாதிக்கப்படும் வாய்ப்பு கூடுதல். ராணுவ கேன்டீனில் மதுக் கோட்டாவை மாதம் தவறாமல் வாங்குகிற நம் ஆட்களிடம் இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். இன்னொன்று கடலூர்க்காரர்களுக்கு: இந்த மாத்திரை சாப்பிடும்போது சூரை மீன் தின்றால் சிலருக்கு முகம் சிவந்து, தலைவலித்து, நெஞ்சு படபடக்கும். முதுநகர் மீனை விட்டுவிட வேண்டாம், சூரையை மட்டும் தள்ளி வையுங்கள்.

மூன்றாவது, ஐசோனியசிட்டோடு ரிஃபாபென்டின் என்ற இன்னொரு மருந்து. வாரம் ஒருமுறை, மொத்தம் 12 வேளை. 2011இல் வெளிவந்த பெரிய ஆய்வில் ஒன்பது மாத ஐசோனியசிட்டுக்கு இது சளைக்கவில்லை. முழுசாக முடித்தவர்கள் இதில் 82 சதவீதம், அதில் 69. கல்லீரல் தொல்லையும் இதில் குறைவு. 'பட்டாளத்தான் ஆறு மாசம் தாங்குவான்' என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. உடம்பில் ஒரு குறையும் தெரியாதபோது தினம் மாத்திரை போடுவது யாருக்கும் சலிக்கும். வடகிழக்கில் வாரம் ஒருமுறை ஃபால்-இன் வரிசையில் நிறுத்தி மலேரியா மாத்திரை கொடுத்தது நினைவிருக்கிறதா? அந்தப் பழக்கம் இங்கே கைகொடுக்கும்.

ஆனால் இது மற்ற மாத்திரைகளின் வேகத்தைக் குறைக்கும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் சாப்பிடுபவருக்கு ஆறு மாத முறையே மேல். கிளிமிபிரைடு, அம்லோடிபின் போன்றவையும் வலுவிழக்கலாம், சர்க்கரையையும் பிரஷரையும் அடிக்கடி பார்க்க வேண்டும். மாத்திரை போட்ட அன்று சிலருக்குக் காய்ச்சல், உடம்புவலி வரும். சிறுநீர் ஆரஞ்சாகும், அது மருந்தின் நிறம்தான்.

நான்கு மாத ரிஃபாம்பிசின் என்று ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் விரும்பித் தருகிறார்கள். நம் தேசியக் காசநோய்த் திட்டம் முதலில் சொல்வது மேலே உள்ள இரண்டையும்தான்.

நம்மவர்கள் எதை எடுத்தாலும் சிக்குகிற இடம் வேறு. சர்க்கரை, பிரஷர் மாத்திரை முன்னாள் ராணுவத்தினருக்கான ஈசிஹெச்எஸ் பாலிகிளினிக்கில் வாங்குவார்கள், காசநோய் மாத்திரை அரசு மருத்துவமனையில், புதுச்சேரி என்றால் கோரிமேடு நெஞ்சக நோய் மருத்துவமனையில். ஒரு டாக்டர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. இரண்டு சீட்டையும் ஒரே உறையில் போட்டு இரண்டு இடத்திலும் காட்டுங்கள். பசி போய், வாந்தி வந்து, கண் மஞ்சளானால் மாத்திரையை அன்றைக்கே நிறுத்திவிட்டு ஓடுங்கள்.

நண்பருக்கு டாக்டர் 12 வேளை முறையை எழுதினார், சர்க்கரை மாத்திரையின் அளவையும் கூட்டினார். மது பாட்டிலை மூன்று மாதத்துக்கு மூடிவைக்கச் சொன்னேன், ஒப்புக்கொண்டார். நாலு ஞாயிறு ஆகிவிட்டது. மாத்திரையை அண்ணிதான் எடுத்துக் கொடுக்கிறார், தன்னுடையதையும் சேர்த்து.