மகா ஓயா சுடுதண்ணீர்க் கிணறுகள்: மலையிலிருந்து இறங்கிப் போகலாமா?

பதுளை மாவட்டத்தில் பசறை, லுணுகலைப் பக்கம் இருப்பவர்கள் கட்டாயம் போக வேண்டிய இடம் அம்பாறை மாவட்டத்து மகா ஓயா, அதைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் படங்களில் வருகிற மாதிரி கழுத்தளவு சுடுதண்ணீரில் கண்ணை மூடிச் சாய்ந்து கிடக்கலாம் என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். இங்கே யாரும் கிணற்றுக்குள் இறங்குவதில்லை, வாளியில் அள்ளி ஊற்றிக் குளிப்பதுதான் முறை.

நம் மலையகத்தில் குளிருக்குக் குறைவே இல்லை, ஆனால் வெந்நீர் ஊற்றுகளெல்லாம் கீழே இறங்கிய பிறகுதான். அம்பாந்தோட்டைப் பக்கமிருந்து மகா ஓயா வழியாகத் திருகோணமலைக் கன்னியா வரைக்கும் கோடு போட்ட மாதிரி இருக்கின்றன. மலைநாட்டுப் பாறைத் தொகுதியும் கிழக்கே உள்ள, விஜயன் என்று சொல்லப்படும் பாறைத் தொகுதியும் சேருகிற எல்லை அது. எரிமலை எதுவும் கிடையாது. மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளுக்குள் ஆழமாக இறங்குகிறது, பூமிக்குள்ளே ஒரு கிலோமீற்றர் போனால் சுமார் 25 பாகை சூடு கூடும், அப்படிக் காய்ந்த தண்ணீர்தான் திரும்ப மேலே வருகிறது.

பாதை லேசு. பதுளையிலிருந்து செங்கலடிக்குப் போகிற ஏ5 வீதியில் பசறை, லுணுகலை, பிபிலை தாண்டி நேரே மகா ஓயா. லுணுகலை வளைவுகளில் வாந்தி எடுக்கிற பிள்ளைகள் இருந்தால் வெறும் வயிற்றோடும் ஏற்றாதீர்கள், நிறையச் சாப்பிட வைத்தும் ஏற்றாதீர்கள்.

நான் அம்மாவுக்காகத்தான் போனேன். இத்தனை வருசம் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக் கொழுந்து எடுத்தவர், பிடரியும் முழங்காலும் மழைக்காலத்தில் அவரைத் தூங்க விடாது. அங்கே ஒவ்வொரு கிணற்றிலும் சூடு ஒவ்வொரு மாதிரி. அதிகம் சூடானது 50 பாகைக்கு மேலே, அதை அப்படியே அள்ளித் தலையில் ஊற்றினால் தோல் வெந்துவிடும், விளையாட்டில்லை. சூடு குறைந்த கிணற்றிலிருந்து பாதி, சூடானதிலிருந்து பாதி என்று ஒரே வாளியில் கலந்து, முதலில் பாதத்தில், அப்புறம் முழங்காலில், கடைசியாகத் தோளில் என்று மெதுவாக ஊற்றினோம். துவாயை அந்தத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து பிடரியில் போட்டதுதான் அவருக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது. "இன்னொருக்கா நனைச்சுப் போடு பிள்ளை" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அன்று இரவு நன்றாகத் தூங்கினார். மூட்டு வாதம் இதிலே குணமாகும் என்று சொல்ல மாட்டேன், சூடு பட்டால் தசை இளகும், இரத்த ஓட்டம் கூடும், வலி கொஞ்ச நேரத்துக்காவது அடங்கும். வாழ்நாள் முழுக்கக் குளிரில் நின்று வேலை செய்த உடம்புக்கு அதுவே பெரிய விசயம் என்பது என் எண்ணம், நம் தோட்டங்களில் இருக்கிற வயதானவர்களை யாராவது வேன் பிடித்துக் கூட்டிப்போனால் அவ்வளவு சந்தோசப்படுவேன்.

சீனி வருத்தம் உள்ளவர்களைப் பற்றித்தான் எனக்குப் பயம். பாதம் மரத்துப் போயிருந்தால் சூடு தெரியாது, தெரியாமலே கொப்பளித்துவிடும். அவர்களுக்கு வேறு ஒருவர் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். பிரசர் மாத்திரை போடுகிறவர்கள் சட்டென்று எழும்பினால் தலை சுற்றும். இருதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்டுவிட்டு வரட்டும். மற்றவர்களுக்கும் ஒரு தடவைக்குப் பத்து நிமிசம் போதும், இடையில் தண்ணீர் குடியுங்கள்.

காலையிலேயே போய்ச் சேருங்கள். பகல் வெயில் ஏறிவிட்டால் கீழ்நாட்டுச் சூட்டோடு சுடுதண்ணீரும் சேர்ந்து ஆளைச் சோர வைத்துவிடும். போயா தினமும் பள்ளி விடுமுறையும் வேண்டாம், கிணற்றைச் சுற்றிக் கூட்டம் நின்றால் ஆறுதலாகக் குளிக்க முடியாது. சொந்த வாளி கொண்டுபோங்கள். பெண்கள் குறுக்குக் கட்டிக் குளிக்க ஒரு பழைய பாவாடை, மாற்றுத் துணி, பெரிய துவாய். சோப்பு, சம்பு போடுவதென்றால் கிணற்றை விட்டுத் தள்ளிப் போய்ப் போடுங்கள், வெறும் சம்புப் பாக்கெட்டுகளைச் சுவரோரம் எறிந்துவிட்டுப் போயிருந்ததைப் பார்த்தபோது மனம் கொதித்தது.

கன்னியாவா, இதுவா என்று கேட்டால், ஆடி அமாவாசைக்குத் திதி கொடுக்கவோ, இராவணன் தாயின் கிரியைக்காக உண்டாக்கியதாகச் சொல்லப்படும் அந்த ஏழு கிணறுகளைப் பார்க்கவோ என்றால் கன்னியா. அங்கே சூடும் இதமானது, பிள்ளைகளுக்கு ஏற்றது. உடம்பு வலிக்கு, அதுவும் ஊவாப் பக்கத்திலிருந்து ஒரே நாளில் போய்வர, மகா ஓயாதான்.

திரும்பும்போது பின்னேரத்துக்குள் கிளம்பிவிடுங்கள், அந்தப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. பிபிலையில் தோடம்பழம் கிடைத்தால் வாங்குங்கள். ஏற்றம் தொடங்குமுன் எல்லோருக்கும் சுவெட்டரைப் போட்டுவிட்டு வேன் கண்ணாடியையும் ஏற்றிவிடுங்கள், சுடுதண்ணீரில் குளித்த உடம்பில் லுணுகலைக் காற்றுப் பட்டால் அடுத்த நாளே தடிமன் என்று அம்மா சொல்வார்.