பிரெடிக்ட் முன்கணிப்புக் கருவி: இரண்டு மார்பகத்திலும் புற்றுநோய் இருந்தால் எந்தக் கட்டியைப் போடுவது?

போன தை மாதம் அக்காவுக்கு இடது மார்பில் கட்டி. மேமோகிராம் எடுத்தபோதுதான் வலதிலும் ஒன்று இருப்பது தெரிந்தது, கைக்கே தட்டுப்படாத 11 மில்லிமீட்டர். "ரெண்டு பக்கமும் வந்திருச்சேடி, அப்போ ஆயுசும் பாதிதானா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அறுவை சிகிச்சை முடிந்ததும் அந்தக் கேள்வியோடுதான் பிரெடிக்ட் என்ற இந்த வலைத்தளத்துக்குப் போனேன், அறுவைக்குப் பிறகு மார்பகப் புற்றுநோயாளிகள் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று கணித்துச் சொல்லும் கருவி இது. கேம்பிரிட்ஜில் உருவானது, பத்தாண்டுக்கும் மேலாக இருக்கிறது, இலவசம்.

வயது, மாதவிடாய் நின்றுவிட்டதா, கட்டியின் அளவு, கிரேடு (செல்கள் எவ்வளவு வேகமாக வளரும் வகை என்பது, 1 முதல் 3 வரை), அக்குளில் எத்தனை நெறிக்கட்டிகளில் பரவியிருக்கிறது, ஈஆர் (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை ஏற்கும் புரதம் கட்டியில் இருக்கிறதா), ஹெர் 2 (கட்டியை வேகமாக வளர்க்கும் புரதம் அதிகமா) என்று கேட்கும். அறுவைக்குப் பிறகு வந்த பயாப்ஸி ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் ஐந்து நிமிட வேலை. பிறகு 5, 10, 15 ஆண்டுகள் கழித்து இப்படிப்பட்ட நூறு பெண்களில் எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள் என்று காட்டும். கீமோ சேர்த்தால் எத்தனை பேர் கூடுகிறார்கள், ஹார்மோன் மாத்திரையால் எத்தனை பேர் என்றும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லும். இதை நூறு பொம்மைகளாகவும் பார்க்கலாம், வரைபடத்தில் புரியாதது அக்காவுக்கு அதில் புரிந்தது.

சரி, இரண்டு கட்டி இருந்தால்? கருவியில் ஒரு கட்டிக்குத்தான் இடம். நான் முதலில் இரண்டு அளவையும் கூட்டிப் போட்டேன், அது தப்பு. இரண்டையும் தனித்தனியாகப் போட்டு வந்த எண்களைப் பெருக்கினேன், அது அதைவிடத் தப்பு. டாக்டர் விளக்கினார்: பெரும்பாலும் இரண்டும் தனித்தனியாகத் தோன்றியவை, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவியதல்ல. அதனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி ஸ்டேஜ் (நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது), தனி ஈஆர், தனி ஹெர் 2. ஆயுளை முக்கியமாகத் தீர்மானிப்பது இரண்டில் மோசமான கட்டி. அக்காவுக்கு அது இடதுதான், 28 மில்லிமீட்டர், கிரேடு 3, இரண்டு நெறிக்கட்டி. அதை மட்டும் போட்டுப் பார்த்தோம். வந்த எண் அவளுடையது, இங்கே எழுதவில்லை, ஆனால் நாங்கள் பயந்த பாதியெல்லாம் இல்லை.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வந்தவர்களின் ஆயுள் சற்றுக் குறைவு என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, ஸ்டேஜை ஒப்பிட்டுப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை என்று வேறு சில சொல்கின்றன. அதனால் வரும் எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதோடு இது இங்கிலாந்துப் பெண்களின் தரவில் உருவானது. அறுவைக்கு முன்பே கீமோ எடுத்தவர்களுக்கும், வேறு உறுப்புக்குப் பரவியவர்களுக்கும் இது பொருந்தாது.

இன்னொரு விஷயம், ரிப்போர்ட் முழுதாக இல்லாமல் உட்காராதீர்கள். ஒரு லேப் (பெயர் வேண்டாம்) இடது பக்கத்துக்கு மட்டும் ஈஆர் பார்த்துவிட்டு வலதை விட்டுவிட்டது. கேட்டு வாங்க ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று கவுன்டரிலேயே பார்த்துவிடுங்கள்.

என்னளவில் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். தனியாக ராத்திரியில் திறக்காதீர்கள், டாக்டரைப் பார்க்கும் நாளுக்கு முன்தினம் கூட ஒருவரை வைத்துக்கொண்டு பாருங்கள். நாங்கள் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனோம். டாக்டர் கீமோ வரியில் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, "இதுக்காகத்தாம்மா கீமோ சொல்றேன்" என்றார். அதுவரை வேண்டாம் என்றிருந்த அக்கா அன்றைக்கே சம்மதித்தாள்.

அப்புறம், பரம்பரையாக வந்து மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றத்தையும் நாங்கள் பார்த்தபோது இந்தக் கருவி கேட்கவில்லை. இரண்டு பக்கமும் வந்தவர்கள் அந்தப் பரிசோதனையைப் பற்றி டாக்டரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். அக்காவின் ரத்தம் போன வாரம் போயிருக்கிறது. அவளுக்கு இருந்தால் கூடப் பிறந்த எனக்கும் இருக்கச் சரிபாதி வாய்ப்பு, அதனால் என் மேமோகிராமுக்கும் தேதி வாங்கிவிட்டேன்.