நேண்ட் ஃபிளாஷ் டிரைவர் பேட்ச்களைச் சரிபார்த்தல்: ஏழு ஆண்டு அனுபவம்

லினக்ஸ் கெர்னலில் ஃபிளாஷ் நினைவகத்தைக் கையாளும் எம்டிடி பகுதிக்கு வரும் நேண்ட் (ஒருவகை ஃபிளாஷ்) கண்ட்ரோலர் டிரைவர் பேட்ச்களை, அதாவது நிரல் மாற்றங்களை, ஏழு ஆண்டுகளாகச் சரிபார்த்து வருகிறேன். எஸ்எஸ்டியில் நடுவே ஒரு ஃபர்ம்வேர் இருந்து ஃபிளாஷின் பிழைகளைத் தானே சமாளித்துக்கொள்ளும். ரவுட்டர் போன்ற கருவிகளில் சிப்பை நேரடியாக இணைத்திருந்தால் அந்தக் காப்பு இல்லை. படிக்கும்போது எத்தனை பிட் பிறழ்வுகளைத் திருத்த வேண்டியிருந்தது என்று டிரைவர் தரும் எண்ணை நம்பித்தான் மேலடுக்குகள் முடிவெடுக்கின்றன. ஆகவே, எந்தப் பேட்ச் வந்தாலும் அந்த எண் கணக்கிடப்படும் இடத்தைத்தான் நான் முதலில் படிக்கிறேன்.

இந்தப் பழக்கம் ஒரு பேட்சினால் வந்தது. நிரல் நடையைச் சரிபார்க்கும் செக்பேட்ச் கருவி ஒரு எச்சரிக்கையும் தரவில்லை, போர்டும் ஒழுங்காக பூட் ஆனது. 2048 பைட் பேஜை 512 பைட் கொண்ட நான்கு துண்டுகளாகப் படித்து, ஒவ்வொரு துண்டிலும் 8 பிட் வரை திருத்தக்கூடிய கண்ட்ரோலர் அது. நான்கு துண்டுகளிலும் திருத்திய பிட்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையையே டிரைவர் திருப்பி அனுப்பியது. திருத்தங்களின் மொத்தப் புள்ளிவிவரத்துக்குக் கூட்டுத்தொகை சரி. ஆனால் படிக்கும் செயற்கூறு திருப்ப வேண்டியது, எந்த ஒரு துண்டிலும் கண்ட அதிகபட்ச எண்ணிக்கையை. இரண்டு கணக்கும் அடுத்தடுத்த வரிகளில் வருவதால் இந்தத் தவறு எளிதில் நேர்கிறது.

விளைவு சிறியதல்ல. திருத்தும் திறன் 8 என்றால், எச்சரிக்கை வரம்பு இயல்பாக அதில் முக்கால் பங்கு, அதாவது 6. துண்டுக்கு 2 பிட் பிறழ்ந்த ஆரோக்கியமான பேஜ்கூட 8 என்று கணக்காகி வரம்பைத் தாண்டிவிடும். மேலே இருந்து ஃபிளாஷ் பிளாக்குகளை நிர்வகிக்கும் யூபிஐ (UBI) அடுக்கு அதை நம்பி, அந்த பிளாக்கில் (ஒன்றாக அழிக்கப்படும் பேஜ்களின் தொகுதியில்) உள்ளதை வேறொரு பிளாக்குக்கு மாற்றிவிட்டுப் பழையதை அழிக்கும். தேவையற்ற இந்த அழிப்புகள் சிப்பின் ஆயுளைச் சத்தமில்லாமல் தின்றுகொண்டே இருக்கும். ஒரே வரியில் திருத்தம் முடிந்தது. அந்த வரியைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு மாலை பிடித்தது.

நேண்ட் சிப்பை மென்பொருளிலேயே போலச்செய்யும் நேண்ட்சிம்மில் சோதித்தாயிற்று என்று எழுதி வரும் பேட்ச்களை நான் அப்படியே ஏற்பதில்லை. யூபிஐ போன்ற மேலடுக்குகளைச் சோதிக்க அது அருமையான கருவி. ஆனால் அதில் கண்ட்ரோலர் டிரைவரின் ஒரு வரிகூட ஓடுவதில்லை. உண்மையான போர்டில், பிட் பிறழ்வுகளை ஒவ்வொன்றாகப் புகுத்தி எத்தனையாவதில் திருத்தம் தோற்கிறது என்று காட்டும் நேண்ட்பிட்எர்ஸ் சோதனையின் பதிவைத்தான் கேட்கிறேன்.

அழிக்கப்பட்ட பேஜ்களும் அடிக்கடி சிக்கல் தருகின்றன. அழித்தபின் எல்லா பிட்டும் 1 ஆக இருக்க வேண்டிய பேஜில் ஒன்றிரண்டு பிட் 0 ஆக மாறினால், பல இசிசி (பிழை திருத்தும்) இயந்திரங்கள் அதைத் திருத்தவே முடியாத பிழை என்கின்றன. ‘எல்லா பைட்டும் எஃப்எஃப் (எட்டு பிட்டும் 1) தானா’ என்று மட்டும் பார்க்கும் டிரைவர் இங்கே தோற்கும். 0 பிட்களை எண்ணி, வரம்புக்குள் இருந்தால் மன்னிக்கும் பொதுச் செயற்கூறு கெர்னலிலேயே இருக்கிறது.

2018இல் கெர்னலின் 4.16 பதிப்பில், சிப்புக்கான கட்டளைகளை டிரைவரிடம் ஒரே தொகுப்பாகத் தரும் எக்ஸெக்-ஆப் முறை வந்தபின் கட்டளைப் பகுதியைப் படிப்பது மிகவும் எளிதாகிவிட்டது. டிஎம்ஏ (செயலி இல்லாமல் வன்பொருளே நினைவகத்துக்குத் தரவை நகர்த்துவது) பகுதி மட்டும் இன்னும் கவனம் கேட்கிறது: மேலடுக்கிலிருந்து, இயற்பியல் நினைவகத்தில் தொடர்ச்சியாக இருக்கும் என்ற உறுதியில்லாத விமல்லாக் இடையகம் வரும்போது அதை நேரடியாக டிஎம்ஏவுக்குக் கொடுக்கிறார்களா என்று பார்க்காமல் நான் ஒப்புதல் தருவதில்லை.