மார்பகத் தொய்வு நீக்கும் அறுவை சிகிச்சை: 14 மாதங்களுக்குப் பிறகு என் மதிப்பீடு

மார்பகத் தொய்வு நீக்கும் அறுவை சிகிச்சையை நான் செய்துகொண்டு 14 மாதங்கள் ஆகின்றன. தழும்பு முதிர்ந்து அடங்க ஓர் ஆண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை பிடிக்கும் என்பதால், அவசரப்பட்டு எழுத வேண்டாம் என்று இத்தனை நாள் பொறுத்திருந்தேன். இந்தச் சிகிச்சையில் வடிவம் கிடைக்கிறது. அதற்கு ஈடாகத் தழும்பு வாழ்நாள் முழுவதும் உடம்பில் தங்கிவிடுகிறது. இதை முதல் சந்திப்பிலேயே ஒளிக்காமல் சொல்கிற மருத்துவரிடம்தான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நான் இரண்டு இடங்களில் ஆலோசனை கேட்டேன். முதல் இடத்தில் மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே அறுவைக்குத் தேதி குறிக்கச் சொன்னார்கள். காட்டிய படங்கள் எல்லாம் உள்ளாடை அணிந்தவை. தழும்பைப் பற்றிக் கேட்டதற்கு, "கண்ணுக்கே தெரியாது" என்று பதில் வந்தது. எழுந்து வந்துவிட்டேன். இரண்டாவது இடத்தில் பிளாஸ்டிக் சர்ஜன் என்னை நிமிர்ந்து உட்காரச் சொல்லி, கழுத்தடிக் குழியிலிருந்து முலைக்காம்பு வரை நாடா வைத்து அளந்தார். இடப்புறம் 27 சென்டிமீட்டர், வலப்புறம் 28. சராசரி உயரமுள்ள பெண்ணுக்கு இது 21 சென்டிமீட்டரை ஒட்டி இருந்தால் இயல்பாகக் கருதுவார்களாம். பிறகு, ஆறாத நிலையிலும் ஆறிய நிலையிலும் எடுத்த தழும்புப் படங்களை வரிசையாகக் காட்டினார். அவற்றில் இரண்டு பார்க்க நன்றாக இல்லை. அந்த இரண்டையும் மறைக்காமல் காட்டியதால்தான் அவரையே தேர்ந்தெடுத்தேன்.

தொய்வின் அளவை மூன்று படிகளாகப் பிரிக்கிறார்கள். முலைக்காம்பு மார்பகத்தின் அடிமடிப்புக்கு நேராக இருந்தால் முதல் படி. மடிப்புக்குக் கீழே இறங்கியிருந்தால் இரண்டாம் படி. மார்பகத்தின் ஆகக் கீழான இடத்தில் தரையை நோக்கி இருந்தால் மூன்றாம் படி. என்னுடையது மூன்றாம் படி. எங்கே, எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதையும் பெரும்பாலும் இந்தப் படிதான் முடிவு செய்கிறது. லேசான தொய்வுக்கு, முலைக்காம்பைச் சூழ்ந்த கருவட்டத்தைச் சுற்றி ஒரு வெட்டு போதும். நடுத்தரமானதற்கு அந்த வட்டத்திலிருந்து நேர்கீழாக இன்னொரு கோடு வரும். என்னைப் போன்றவர்களுக்கு அடிமடிப்பிலும் ஒரு கோடு சேர்ந்து, நங்கூரம் போன்ற வடிவில் தழும்பு அமையும். மூன்றாம் படித் தொய்வை வட்டத் தழும்பு மட்டும் விட்டுச் சரிசெய்துவிடலாம் என்று யாராவது சொன்னால், நம்புவதற்கு முன் இன்னொரு மருத்துவரைக் கேளுங்கள்.

பால் கொடுத்ததால்தான் இப்படி ஆயிற்று என்று என்னிடம் சொல்லாத உறவினர் இல்லை. இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த எனக்கு அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் 2008-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, வயது, உடல் எடை, கருத்தரித்த எண்ணிக்கை, புகைப்பழக்கம் முதலியவற்றையே காரணங்களாகக் கண்டது. பாலூட்டல் அந்தப் பட்டியலில் இல்லை. மார்பகத்துக்குள் தசை கிடையாது. கொழுப்பும் பால் சுரப்பிகளும், அவற்றைத் தாங்கும் மெல்லிய இணைப்பு நார்களும்தான் உள்ளன. அந்த நார்களும் தோலும் நீண்டுபோனால், களிம்போ உடற்பயிற்சியோ அவற்றைச் சுருக்கித் தராது. இதைத் தெரிந்துகொள்வதற்குள் களிம்புகளில் நான் இரண்டு ஆண்டுகளைக் கழித்துவிட்டேன்.

இந்த அறுவையால் மார்பகத்தின் அளவு பெரிதாகாது. மிகுதியான தோலை நீக்கி, இருக்கிற திசுவையே மேலேற்றி அமைக்கிறார்கள். அதனால் முன்பைவிடச் சற்றுச் சிறிதாகக்கூடத் தோன்றும். மேற்பகுதி நிரம்பித் தெரிய வேண்டுமென்றால் சிலிக்கான் உள்வைப்போ, உடம்பின் வேறிடத்துக் கொழுப்பை எடுத்து மார்பகத்தில் சேர்ப்பதோ தனியாகச் செய்ய வேண்டும். நான் அவற்றை விரும்பவில்லை. மீண்டும் கருத்தரித்தாலும், எடை ஏறி இறங்கினாலும் தொய்வு திரும்பும் என்பதால், பிள்ளைப்பேறு முடிந்து, பாலூட்டலை நிறுத்திச் சில மாதங்கள் கடந்து, எடை நிலைத்த பிறகு செய்துகொள்வதே நல்லது. புகைப்பவர்கள் முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரங்களாவது நிறுத்தியாக வேண்டும். நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால், முலைக்காம்புக்குப் போகும் ரத்தம் குறைந்து அது அழுகிவிடும் ஆபத்துகூட உண்டு.

அறுவை அன்று காலை, மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பாக, கண்ணாடி முன் என்னை நிற்க வைத்து ஊதா நிறப் பேனாவால் கோடுகள் வரைந்தார் மருத்துவர். படுத்தால் மார்பகம் பக்கவாட்டில் சரிந்துவிடும் என்பதால் நிற்கும்போதுதான் வரைய வேண்டுமாம். ஒரு கோட்டைப் பஞ்சால் அழித்துவிட்டு, அரை விரல் கீழே மறுபடி வரைந்தார். காம்பைத் தேவைக்கு மேல் உயர்த்திவிட்டால் பிறகு கீழே இறக்குவது மிகக் கடினம் என்று காரணத்தையும் சொன்னார். அந்த நிதானத்துக்கே நான் முழு மதிப்பெண் தருவேன்.

அறுவை ஏறத்தாழ மூன்று மணி நேரம் நடந்தது. வலி நான் பயந்த அளவுக்கு இல்லை. ஆறு வாரங்கள் இரவும் பகலும் தாங்கும் உள்ளாடையுடன் இருந்ததும், மல்லாந்தே உறங்கியதும், கடைக்குட்டியைத் தூக்க முடியாமல் போனதும்தான் பெரும் சிரமம். அலுவலக வேலைக்கு இரண்டாம் வாரமே திரும்பிவிட்டேன். முதல் மாதம் வீக்கத்தால் மார்பகம் மேலே ஏறிப் பெட்டி போல் இருக்கும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம், மூன்று மாதங்களுக்கு மேல்தான் வடிவம் படியும்.

சேவையில் குறையும் உண்டு. பன்னிரண்டாம் நாள் இரவு, நேர்கோடும் அடிமடிப்புக் கோடும் சந்திக்கும் இடத்தில் பட்டாணி அளவுக்குத் தையல் விலகி நீர் கசிந்தது. தோல் அதிகம் இழுபடும் இடம் அதுவே என்பதால் இது அடிக்கடி நேர்வதுதான் என்று மறுநாள் அறிந்தேன். ஆனால் கையில் கொடுத்த குறிப்பில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவசர எண்ணை நான்கு முறை அழைத்தும் யாரும் எடுக்கவில்லை. அந்த இரவு நான் பட்ட பயம் தேவையற்றது. மூன்று வாரம் கட்டு மாற்றியதில் புண் தானாக ஆறியது. இரவில் அழைத்தால் யார் பேசுவார்கள் என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வலது காம்பில் ஐந்து மாதங்கள் உணர்ச்சி இல்லை. பிறகு மெல்லத் திரும்பியது. சிலருக்குத் திரும்பாமலும் போகலாம், பாலூட்டும் திறனும் குறையலாம் என்பதைக் கையெழுத்து வாங்கும்போதே படித்துக் காட்டினார்கள். தழும்பு மேடாகத் தடிக்கும் உடல்வாகு உள்ளவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எனக்குக் கருவட்டத்தைச் சுற்றியுள்ள தழும்பு இப்போது தேடினால்தான் தெரிகிறது. அடிமடிப்பின் ஓரங்களில் மட்டும், சிலிக்கான் பட்டையை மாதக்கணக்கில் ஒட்டியும், பழுப்பு நிறம் மாறவில்லை. மடிப்புக்குள் ஆண்டு முழுவதும் வந்துகொண்டிருந்த வேர்வைப் புண் அடியோடு நின்றுவிட்டது.

அறுவைக்கு முன் எடுத்த மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே படத்தையும் அறுவைக் குறிப்பையும் ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன். உள்ளே இறுகிய கொழுப்பும் தழும்பும் பின்னாளில் படத்தில் கட்டி போலத் தோன்றக்கூடும் என்பதால், சென்ற மாதம் பரிசோதனைக்குப் போனபோது அந்தக் கோப்பைத்தான் முதலில் நீட்டினேன்.