மெர்சிடிஸ் 250 டி: டாக்சி மரபில் வந்த ஒரு காரோடு பல வருடங்கள்

ஸ்டுட்கார்ட் பக்கத்தில் குடியிருக்கும் என்னிடம் இருப்பது ஒரே கார். 1991-இல் வெளிவந்த மெர்சிடிஸ் 250 டி. கம்பெனியின் உள்கணக்கில் டபிள்யூ 124 வரிசை. ஐந்து சிலிண்டர் டீசல் என்ஜின், 94 குதிரைத்திறன், கையால் மாற்றும் கியர், கையால் சுற்றி இறக்கும் ஜன்னல், ஏசி கிடையாது. நம் ஊரில் பென்ஸ் கார் என்றால் மனதில் வரும் படத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது. ஆனால் ஜெர்மனியில் வளர்ந்த ஒருவருக்கு இந்த வண்டியைப் பார்த்ததும் நினைவுக்கு வருவது வெளிர் தந்த நிற டாக்சி. அந்த டாக்சிதான் இந்தக் கம்பெனியைக் கம்பெனியாக்கியது என்பது இத்தனை வருடம் இதை ஓட்டிய பிறகு எனக்கு உறுதியாகத் தெரிகிறது. சொகுசும் உண்டு. ஆனால் அடித்தளம் அது இல்லை.

காலையில் சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் செய்ய முடியாது. டேஷ்போர்டில் சுருள் வடிவ மஞ்சள் விளக்கு எரியும். டீசல் எரியத் தொடங்கும் சிறு அறையைச் சூடாக்கும் க்ளோ பிளக் சூடாகி, அந்த விளக்கு அணையும்வரை சில நொடி பொறுக்க வேண்டும். அப்புறம் ஒரே சுற்றில் பிடித்துக்கொள்ளும். குளிர்காலத்தில், மைனஸ் பத்துக்குக் கீழே போன நாட்களிலும் இப்படித்தான். பிளக் நல்ல நிலையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தச் சூடாக்கும் வேலைக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. மன்ஹைமில் பென்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ப்ராஸ்பர் லோராஞ்ச் என்ற பொறியாளர் 1909-இல் முன்னறை எரிப்பு முறைக்குக் காப்புரிமை வாங்கினார். டீசலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சாமல், அதற்கு முன்னால் உள்ள சிறு அறையில் எரியத் தொடங்கவிட்டு, அங்கிருந்து சிலிண்டருக்குள் பரவவிடும் முறை. அழுத்தம் மென்மையாக ஏறும், அதிர்வு குறையும். கப்பலுக்கும் ஆலைக்கும் மட்டும் சரிப்பட்ட டீசல் என்ஜின் சின்ன வண்டிக்குள் வர வழி கிடைத்தது இதனால்தான். 1936-இல் பெர்லின் கண்காட்சியில் 260 டி வந்தது. வரிசை உற்பத்திக்கு வந்த முதல் டீசல் பயணிகள் கார் என்று கம்பெனி சொல்லிக்கொள்வது இதைத்தான். 2.6 லிட்டர் என்ஜின், 45 குதிரைத்திறன். அதே அளவு பெட்ரோல் வண்டி 100 கிலோமீட்டருக்கு 13 லிட்டர் குடித்த காலத்தில் இது ஒன்பதரை லிட்டரோடு நின்றது. அதை ஆசையோடு வாங்கியவர்கள் டாக்சிக்காரர்கள். நாள் முழுவதும் ஓட்டுபவருக்கு அந்த மூன்றரை லிட்டர் வித்தியாசம்தான் வீட்டுச் செலவு. 1974-இல் 240 டி 3.0 என்ற வண்டியில் ஐந்து சிலிண்டர் டீசல் வந்தது. வரிசை உற்பத்திக்கு வந்த பயணிகள் காரில் ஐந்து சிலிண்டர் என்பது உலகத்தில் அதுதான் முதல். என் வண்டியின் என்ஜின் அந்த வம்சத்தில் அடுத்த தலைமுறை. முன்னறை அதிலும் இருக்கிறது.

மைலேஜைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆட்டோபானில் 110, 120 வேகத்தில் நிதானமாகப் போனால் 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் அளவில் வருகிறது. ஊருக்குள் எட்டரை, ஒன்பது. டாங்க் 70 லிட்டர் பிடிக்கும். அதனால் ஸ்டுட்கார்ட்டில் நிரப்பிக்கொண்டு ஹாம்பர்க் வரைக்கும் பங்க் பக்கமே திரும்பாமல் போகலாம். வேகத்தை மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. உல்ம் போகும் ஏ8 சாலையில் ஷ்வேபிஷ் ஆல்ப் மலையேறும்போது லாரிகளுக்குச் சற்று முன்னால் போவேன், அவ்வளவே. நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டப் பதினாறு, பதினேழு நொடி ஆகும். எட்டிய பிறகு அதே வேகத்தில் நாள் முழுக்கப் போகும்.

ஓட்டும் சுகம்தான் என்னை இதிலேயே பிடித்து வைத்திருக்கிறது. பின்சக்கரங்களை ஆளுக்கு ஐந்து தண்டுகள் தாங்கும் அச்சு அமைப்பு 1982-இல் 190 என்ற சின்ன மெர்சிடிஸில் வந்து, பிறகு இதற்கும் வந்தது. மேடுபள்ளத்தில் பின்பக்கம் குதிக்காது, வளைவில் வழுக்காது. சீட் முதலில் உட்காரும்போது கெட்டியாக இருக்கும். ஆறு மணி நேரம் கழித்து இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும், இடுப்பு வலிப்பதில்லை. கண்ணாடியில் ஒரே ஒரு வைப்பர். அது வெறும் அரைவட்டம் போடாமல், மூலைக்கு வரும்போது தானாக நீண்டு, அப்புறம் சுருங்கிக்கொள்ளும். கண்ணாடியில் ஏறக்குறைய 86 சதவிகிதத்தைத் துடைத்துவிடுகிறது. மழை நாளில் பக்கத்தில் உட்காருபவர்கள் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வடிவமைப்புத் தலைவராக இருந்தவர் ப்ரூனோ சாக்கோ. கண்ணை உறுத்தாத, இருபது வருடம் கழித்தும் பழசாகத் தெரியாத உருவத்தைக் கொடுத்ததற்கு அவருக்கு நான் மனதாரக் கடன்பட்டிருக்கிறேன்.

பானெட்டைச் செங்குத்தாக நிமிர்த்தி நிறுத்தலாம். சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் ஒருமுறை வேலை செய்து பார்த்தால் புரியும். எந்தப் பக்கத்திலிருந்தும் என்ஜினை நெருங்கலாம், வெளிச்சம் விழும், தலை இடிக்காது. ஆயில் ஃபில்டரை மேலிருந்தே மாற்றிவிடலாம். மெக்கானிக் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வரைந்த வண்டி இது என்று ஒவ்வொரு சர்வீஸின்போதும் தோன்றும்.

இந்த இடத்தில் பெர்தா பென்ஸைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கார்ல் பென்ஸ் 1886 ஜனவரி 29-ஆம் தேதி மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். முக்கால் குதிரைத்திறன். ஆனால் வாங்குவாரில்லை. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்தா, மகன்கள் ஓய்கன், ரிச்சர்ட் இருவரையும் கூட்டிக்கொண்டு, கணவரிடம் சொல்லாமல் மன்ஹைமிலிருந்து தன் பிறந்த ஊரான ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அந்த வண்டியின் மேம்படுத்திய மூன்றாவது மாதிரியில் கிளம்பிவிட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேல். வழியில் வீஸ்லோஹ் ஊர் மருந்துக்கடையில் லிக்ரோயின் என்ற சலவைத் திரவத்தை வாங்கி எரிபொருளாக ஊற்றினார். அடைத்துக்கொண்ட குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். தேய்ந்த பிரேக் கட்டைக்கு ஒரு செருப்புத் தொழிலாளியிடம் தோல் அடித்து வாங்கினார். மேட்டில் மகன்கள் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. திரும்பி வந்ததும் ஏற்றத்துக்கு இன்னொரு கியர் வேண்டும் என்று சொன்னார். கணவர் அதைக் கேட்டுச் செய்தார். உலகத்தின் முதல் பயன்பாட்டு அனுபவப் பகிர்வு அதுதான். அவர் போன பாதைக்கு 2008-இலிருந்து நினைவுப் பாதையாக வழிகாட்டிப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். அந்த வழியை என் 250 டியில் முழுவதுமாக ஓட்டியிருக்கிறேன். அந்த மேடுகளில் அவ்வளவு சின்ன என்ஜினோடு ஒரு பெண் இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு போயிருக்கிறார் என்பது ஓட்டிப் பார்த்தால்தான் உறைக்கும்.

சரி, சொகுசு எங்கே வந்தது? அது இன்னொரு ஊரில் பிறந்தது. ஸ்டுட்கார்ட்டை ஒட்டிய கான்ஷ்டாட்டில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் தனியாக என்ஜின் செய்துகொண்டிருந்தார்கள். பென்ஸும் டைம்லரும் சேர்ந்து வேலை செய்ததே இல்லை. தெற்குப் பிரான்சின் நீஸ் நகரில் பணக்காரர்களுக்குக் கார் விற்ற எமில் யெல்லினெக், வேகமான, தாழ்வான, பாதுகாப்பான வண்டி வேண்டும் என்று டைம்லர் கம்பெனியை நெருக்கினார். மேபாக் வரைந்த 35 குதிரைத்திறன் வண்டி 1901-இல் நீஸ் பந்தயங்களில் மற்றவர்களை ஓரங்கட்டியது. யெல்லினெக்கின் மகள் பெயர் மெர்சிடிஸ். அந்தப் பெயர் 1902-இல் வணிகப் பெயராகப் பதிவானது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய பண நெருக்கடியில் இரண்டு கம்பெனிகளும் திணறி, 1926-இல் டைம்லர்-பென்ஸ் ஆக ஒன்றாயின. மன்ஹைமின் உழைப்பு வண்டி, நீஸின் பணக்கார வண்டி என்று இந்த இரண்டு குணங்களும் அன்றிலிருந்து கம்பெனியின் சின்னமான ஒரே நட்சத்திரத்துக்குக் கீழே இழுபறியாக இருக்கின்றன. ஸ்டுட்கார்ட்டில் உன்டர்டுர்க்ஹைம் ஆலை வாசலில் உள்ள கம்பெனி அருங்காட்சியகத்தில் லிஃப்டில் மேலே போய், 1886-இலிருந்து சுற்றிச் சுற்றிக் கீழே இறங்க வேண்டும். விருந்தினர் வரும்போதெல்லாம் அழைத்துப் போகிறேன். அங்கே பளபளக்கும் பந்தய வண்டிகளைவிட லாரி, ஆம்புலன்ஸ், பஸ் நிற்கும் பக்கத்தில்தான் எனக்கு நேரம் போகிறது.

நம் நாட்டுக்கும் முதலில் வந்தது அந்த உழைப்பு முகம்தான். 1954-இல் டாடாவின் டெல்கோ கம்பெனியும் டைம்லர்-பென்ஸும் ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் லாரி செய்தன. 1969 வரை அந்த லாரிகளின் நெற்றியில் இதே நட்சத்திரம் இருந்தது. கார் உற்பத்தி வந்தது 1995-இல், புனேயில். முதலில் வெளிவந்ததும் என்னிடம் இருக்கும் இந்த டபிள்யூ 124 வரிசைதான்.

இந்த வரலாற்றில் பெருமை மட்டும் இல்லை. ஹிட்லர் ஆட்சியில் இந்தக் கம்பெனி விமான என்ஜினும் ராணுவ வண்டியும் செய்தது. 1944-இல் அதன் தொழிலாளர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் கட்டாயப்படுத்திக் கொண்டுவரப்பட்டவர்கள்: வெளிநாட்டவர், போர்க் கைதிகள், வதைமுகாம் கைதிகள். இதைத் தெரிந்துகொண்டுதான் இந்த நட்சத்திரத்தின் பின்னால் நான் உட்காருகிறேன். தெரியாமல் உட்காருவது சரியில்லை.

போருக்குப் பிறகு இவர்கள் செய்ததில் நான் மிக மதிப்பது பாதுகாப்பு ஆராய்ச்சி. மோதும்போது வண்டியின் முன்னும் பின்னும் நசுங்கி, நடுவில் ஆட்கள் இருக்கும் கூடு மட்டும் நசுங்காமல் நிற்க வேண்டும் என்ற யோசனைக்கு பேலா பாரெனி 1951-இல் காப்புரிமை விண்ணப்பம் கொடுத்தார். 1959-இல் அது வண்டியில் வந்தது. 1969 முதல் கம்பெனி ஆட்களே நிஜ விபத்து நடந்த இடங்களுக்குப் போய், நசுங்கிய வண்டிகளை அளந்து பார்த்து, அதிலிருந்து கற்றுக்கொண்டார்கள். 1978-இல் ஏபிஎஸ், 1981-இல் ஏர்பேக், இரண்டும் கம்பெனியின் உச்ச சொகுசு வரிசையான எஸ் கிளாஸில் வந்து பிறகு எல்லோருக்கும் பரவின. சொகுசுக் காருக்கு ஒரு நியாயம் உண்டென்றால் இதுதான். பணம் உள்ளவர் முதலில் விலை கொடுக்கிறார், பத்து வருடத்தில் அது சாதாரண வண்டிக்கு வந்துவிடுகிறது.

என் வண்டிக்கு முந்தைய தலைமுறை, அதாவது 1976-இல் வந்த டபிள்யூ 123, இந்தக் கம்பெனியின் உச்சம் என்று பலர் சொல்வார்கள். 27 லட்சம் வண்டிகள். புதிதாக வாங்கப் பதிந்துவிட்டு வருடக் கணக்கில் காத்திருந்தார்கள். ஜெர்மனியில் ஓடி முடித்தவை மொராக்கோவுக்குப் போய் அங்கே ஊர்விட்டு ஊர் போகும் டாக்சியாக இன்னும் பல வருடம் ஓடின. அதற்கும் முந்தைய வரிசையில் ஒரு 240 டி. கிரேக்க டாக்சிக்காரர் கிரிகோரியோஸ் சாகினிடிஸ் அதை 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டி, 2004-இல் கம்பெனியின் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். எந்த விளம்பரமும் இதற்கு ஈடாகாது.

அப்புறம் சறுக்கல் வந்தது. தொண்ணூறுகளின் முதல் பாதியில் பெட்ரோல் வண்டிகளில் போட்ட ஒயரிங்கின் மேலுறை சில வருடத்தில் பொடிந்து போனது. அடுத்து வந்த டபிள்யூ 210 துருவுக்குப் பெயர் வாங்கியது. 1998-இல் கிரைஸ்லரோடு இணைப்பு, 2007-இல் பிரிவு. 2004, 2005-இல் மின்னணு பிரேக் கோளாறுக்காகப் பல லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். டீசல் புகை விவகாரத்தில் 2019-இல் 87 கோடி யூரோ அபராதம். டீசலைக் காருக்குள் கொண்டுவந்த கம்பெனிக்கே டீசலால் வந்த இந்தக் கெட்ட பெயர் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அண்மைக் காலத்தில் அவர்கள் உயர்விலை வண்டிகளையே அதிகம் குறிவைத்தார்கள். டாக்சி நிலையத்தில் டொயோட்டா ஹைப்ரிட்கள் வரிசையாக நிற்கின்றன. வண்டியை நம்பிப் பிழைப்பவரிடம் கேட்டுக் கேட்டுக் கற்ற கம்பெனி, அவர் கைவிட்டுப் போவதைக் கவனிக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

என் வண்டியின் இன்றைய வாரிசான ஈ கிளாஸ், நண்பருடைய புதிய வண்டி, அதை ஓட்டியிருக்கிறேன். சத்தமே இல்லை, பிரேக் தானாகப் பிடிக்கிறது, புகை என் வண்டியோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. மோதலில் உயிர் பிழைக்க எது நல்லது என்று கேட்டால் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன். என் வண்டிக்குப் புகை வடிகட்டி கிடையாது. ஸ்டுட்கார்ட் ஒரு கிண்ணம்போல மலைகளுக்குள் இருக்கும் ஊர், புகை தங்கிவிடும். அதனால் வேலைக்கு எஸ்-பான் ரயிலில்தான் போகிறேன். வண்டி நெடும்பயணத்துக்கு மட்டும். முப்பது வயது தாண்டி, அசல் நிலையில் உள்ள வண்டிக்கு இங்கே ஹெச் எழுத்துள்ள எண் பலகை கிடைக்கும். வரி ஆண்டுக்கு 191 யூரோ சொச்சம், சாதாரணப் பதிவில் இதைவிடப் பல மடங்கு வரும். புகைக் கட்டுப்பாட்டு மண்டலத்துக்குள் போகவும் அனுமதி உண்டு.

செலவு பெரும்பாலும் ரப்பரில்தான். சஸ்பென்ஷன் புஷ், என்ஜின் மவுன்ட், வெற்றிடக் குழாய்கள். இந்த வண்டியில் கதவுப் பூட்டும் காற்று வெற்றிடத்தில் வேலை செய்கிறது, என்ஜினை அணைப்பதும் அதேதான். ஒருமுறை சாவியை எடுத்த பிறகும் என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் இன்ஜெக்‌ஷன் பம்ப்பையே மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள். பிறகு பார்த்தால் விரல் நீள ரப்பர்க் குழாய் ஒன்றில் விரிசல். சில யூரோவில் முடிந்தது. அந்த நேரத்தில் பானெட்டுக்குக் கீழே உள்ள ஸ்டாப் நெம்புகோலை அழுத்தினால் என்ஜின் நின்றுவிடும், இதை வாங்குபவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உதிரி பாகம் இன்னும் கிடைக்கிறது. பழைய வண்டிகளுக்கென்றே ஃபெல்பாகில் கம்பெனியின் கிளாசிக் சென்டர் இருக்கிறது. பாக எண்ணைச் சொன்னால் தேடித் தருகிறார்கள்.

வாங்க நினைப்பவர்கள் என்ஜினைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் உங்கள் கண்முன் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள், அது போதும். துருவைத்தான் தேட வேண்டும். 1989-க்குப் பிறகு வந்தவற்றில் கதவின் கீழ்ப்பாதியை மூடிய பிளாஸ்டிக் பலகை இருக்கும். அதைக் கழற்றிப் பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள். ஜாக் வைக்கும் இடங்கள், முன் ஸ்பிரிங் உட்காரும் குழி, பின்கண்ணாடியின் கீழ் ஓரம், இந்த மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே சுத்தமாக இருந்தால் ஓடோமீட்டரில் நாலு லட்சம் இருந்தாலும் தயங்க வேண்டாம்.