இசட் (1969): 'கீழே விழுந்து அடிபட்டார்'

முதல் ஐந்து நிமிடம் போனை எடுத்தால் படம் கையைவிட்டுப் போய்விடும். திராட்சைக் கொடியைத் தாக்கும் அடிச்சாம்பல் நோய்க்கு எப்படி மருந்து தெளிப்பது என்று அதிகாரிகளுக்கு வகுப்பு நடக்கிறது. அடுத்துப் பேச வரும் போலீஸ் ஜெனரல் அந்த நோயையே அரசியலுக்குத் திருப்புகிறார்: மனுஷ மூளையிலும் பூஞ்சை பிடிக்கிறது, அதற்கும் மருந்தடிக்க வேண்டும். பிறகு நடப்பதெல்லாம் அந்த மருந்தடிப்புதான்.

கதை நிஜம். 1963 மே 22 அன்று கிரேக்கத்தின் தெசலோனிக்கியில், கூட்டத்தில் பேசிவிட்டு வெளியே வந்த எம்.பி. கிரிகோரிஸ் லாம்ப்ராகிஸ் தாக்கப்பட்டார். ஐந்தாம் நாள் இறந்தார். படம் வந்தபோது அங்கே ராணுவ ஆட்சி. அதனால் இயக்குநர் கோஸ்டா காவ்ராஸ் அல்ஜீரியாவின் அல்ஜியர்ஸில் படம்பிடித்தார். நாட்டின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் நிஜ மனிதர்களோடு ஒற்றுமை தெரிந்தால் அது வேண்டுமென்றே செய்தது என்று தொடக்கத்திலேயே எழுத்துப் போட்டுவிடுகிறார்.

படத்தில் எம்.பி.யைத் தாக்க வருவது நம்மூர் லோடு ஆட்டோ மாதிரி ஒரு மூன்று சக்கர வண்டி, பின்னால் தடியோடு ஒருவன். போலீஸ் கணக்கில் இது குடிபோதை விபத்து, எம்.பி.யின் தலை தரையில் மோதியது. பிரேதப் பரிசோதனை அதை உடைக்கிறது: மண்டையில் இருப்பது அடி. சாட்சி சொல்லக் கிளம்பிய சவப்பெட்டி வார்னிஷ்காரர் வழியில் தாக்கப்படுகிறார். அவருக்கும் அதே பதில்தான், 'நீ கீழே விழுந்தாய்'. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே வந்து சொல்கிறார்கள்!

வழக்கை விசாரிக்கும் மாஜிஸ்திரேட்டாக வரும் ழான் லூயி த்ரந்தீன்யான் குரலை உயர்த்துவதே இல்லை. வண்டி மேல் பாய்ந்தவன் 'புலி மாதிரி' என்று வெவ்வேறு ஆட்கள் ஒரே வார்த்தையில் சொல்லும்போது, வாக்குமூலம் ஒரே இடத்தில் தயாரானது என்று பிடித்துவிடுகிறார். கடைசியில் உயரதிகாரிகள் ஒவ்வொருவராக வந்து பெயர், தொழில் சொல்லிக் குற்றச்சாட்டைக் கேட்டுவிட்டு, வெளியே போகும்போது பூட்டிய கதவைப் போட்டு இழுக்கிறார்கள். தட்டச்சுச் சத்தமும் நெஞ்சு நிறைய மெடல்களும்தான் காட்சியே. எடிட்டிங்குக்கு ஆஸ்கர் கொடுத்ததில் ஆச்சரியமில்லை.

குறைகளும் உண்டு. மனைவியாக வரும் ஐரீன் பாப்பாஸுக்கு அழுவதைத் தவிர வேலையே இல்லை. நடுவில் வெட்டிவெட்டி வரும் பழைய நினைவுகள் வேகத்தைக் கெடுக்கின்றன. அதிகாரி முகங்கள் முதல் தடவை குழம்பும்; யார் யாரைச் சந்திக்கிறார்கள் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்.

127 நிமிடம். டப்பிங் வேண்டாம், பிரெஞ்சு ஒலியோடு சப்டைட்டிலில் பாருங்கள். மாஜிஸ்திரேட் வெகுநேரம் 'சம்பவம்' என்றே சொல்லிக்கொண்டிருப்பார். அவர் வாயிலிருந்து 'கொலை' என்ற சொல் வரும் இடத்தை அவர் குரலிலேயே கேட்க வேண்டும்.